இலை மெல்லும் ஓசை

எதிரே அத்திமரத்தில் இருந்த சிம்பன்சிகள் எதையும் தின்னவில்லை. ஆனாலும் மெல்லும் ஓசை கேட்டது. பகோன்சாவின் முதுகுக்குப் பின்னால், மழை சொட்டும் புதருக்குள், அவசரமே இல்லாமல் சப்சப்பென்று.

கூட வேலை பார்க்கும் குனிஹிராதான், வேறு யார் என்று அவன் திரும்பக்கூட இல்லை.

காட்டுச் சிம்பன்சிகளை மனிதர்களுக்குப் பழக்குவது இருவருக்கும் வேலை. தினமும் அவற்றின் கண்ணில் படும்படி தள்ளி உட்கார வேண்டும். நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி, இலையைப் பறித்து வாயில் போட்டு, தின்பதுபோல் நடிக்க வேண்டும். தழை தின்கிற பிராணி, நம்மை ஒன்றும் செய்யாது என்று அவை நம்பிவிடும். நாளுக்கு நாள் கொஞ்சம் நெருங்கலாம். ஓடாமல் உட்கார்ந்திருக்கும் நாளில் கையை உயர்த்தினால் போதும். பின்னால் காத்திருக்கும் சுற்றுலாக்காரர்கள் வரிசையாக வந்து, சுட்டிக்காட்டிச் சிரிப்பார்கள்.

தூ! இதுகளுக்கா புத்தி உண்டு என்கிறார்கள்? காதில் பூச்சுற்ற நாலு இலை போதுமே! சாராயக்கடையில் பகோன்சா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். பணத்தைக் கொட்டிவிட்டுச் சேற்றில் வழுக்கி விழும் வெள்ளைக்காரர்கள் மேல் அதைவிட இளக்காரம். குனிஹிரா மேலும்தான். நேற்றும் புலம்பினாள்.

"அராலி, நமக்குப் பின்னால யாரோ உக்காந்திருக்காங்க. இன்னைக்கு இன்னும் கிட்ட." அராலி அவனுடைய செல்லப்பெயர். அந்த ஊர்ப் பக்கம் செல்லப்பெயர் சொல்லி அழைக்காவிட்டால் மரியாதை இல்லை.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீ வீட்ல உக்காந்து வாழைக்காய் உரி, போ."

"சிரி, நல்லாச் சிரி. அந்தச் சத்தம் உனக்குப் பழகிப்போச்சு. எனக்கு அதான் பயமா இருக்கு."

பழகித்தான் போயிருந்தது, மழைச் சத்தம்போல.

இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது. குனிஹிராவின் குரல்.

"அராலி, நான் வண்டிகிட்டயே நிக்கிறேன். இன்னைக்கு உள்ள வரமாட்டேன். நீயும் வெளிய வந்துரு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

மெல்லும் ஓசை நிற்கவில்லை.

அவன் நிமிர்ந்து பார்த்தான். மரத்திலிருந்த சிம்பன்சிகள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தன. குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல், ஒவ்வொன்றாக இறங்கி ஓடின. அந்த முட்டாள்கள் ஓடின. அவன் உட்கார்ந்திருந்தான்.

கசங்கிய பச்சிலை வாடை. அதனடியில் கெட்டுப்போன இறைச்சி வாடை.

திரும்பினான்.

கைக்கெட்டும் தூரத்தில் ஓர் உருவம். உட்கார்ந்தும், அவன் எழுந்து நின்றாலும் எட்டாத உயரம். அவனைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. வாய் மென்றது. எதையும் விழுங்கவில்லை. எச்சிலில் நனைந்த இலைகள் அப்படியே மடியில் விழுந்தன.

அவனும் இப்படித்தான் துப்புவான்.

ஓடு.

கால் எழவில்லை. ஓட வேண்டிய நாளில் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவன் ஓடாததை அது கவனித்தது. மெல்வதை நிறுத்தியது. நீண்ட கையை உயர்த்தியது.

புதர்கள் விலகின. அதைப்போன்றவை வரிசையாக வந்தன. மூச்சை அடக்கி. ஒன்றையொன்று இடிக்காமல்.

அவற்றில் முன்னால் நின்ற குட்டி அவனைச் சுட்டிக்காட்டிச் சிரித்தது.