மரம் பேசாது, சார்!

மழை வரப்போகிறது என்று வானம் விடிந்ததிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. சின்ன டீச்சர்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குடையைக் கதவோரம் மறந்துவிட்டு, பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஓட்டமும் நடையுமாகத் தெருமுனையில் திரும்பினாள்.

அங்கே அது நின்றது...

நாய் என்று ஒற்றை வார்த்தையில் சொன்னால் அதற்கே கோபம் வரும். கன்றுக்குட்டி உயரம். கழுத்தில் பட்டை இருந்தது, பட்டையில் கயிறு இல்லை. இவளைப் பார்த்ததும் காதை நிமிர்த்தியது... அடுத்த நொடி நாலுகால் பாய்ச்சலில் வந்தது.

ஓடு ஓடு என்றது அவள் உடம்பு. ஆனால் முந்தின நாள்தான் மழலை வகுப்பு முழுவதையும் வரிசையாக நிற்க வைத்துத் தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்திருந்தாள். "தெரியாத நாய் ஓடி வந்தா என்ன பண்ணணும்?" "மரம் ஆயிடணும் டீச்சர்!" கால்தான் வேர், அசையக் கூடாது. கைதான் கிளை, மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொள்ளணும். கண் வேரைப் பார்க்கணும். மூச்! மரம் பேசாது.

சின்ன டீச்சர் நடுத்தெருவில் மரமானாள்.

நாய் அவள் செருப்பை முகர்ந்தது. சேலை ஓரத்தை முகர்ந்தது. மழை வலுத்தது. 

"பயப்படாதீங்க! கடிக்காது!"

எங்கிருந்தோ ஓர் ஆண் குரல். தலை குனிந்திருந்தவளுக்கு முதலில் தெரிந்தது இரண்டு பாதங்கள். ஒன்றில் செருப்பு, மற்றதில் சேறு.

"ஏங்க, உங்களைத்தான்... ஒண்ணும் ஆகலயே?"

மரம் பேசவில்லை.

"ஹலோ... காது கேக்காதோ? அடடா, பாவம்."

பாதங்கள் முன்னே வந்தன. ஒரு கை அவள் கண்ணுக்கு நேரே நீண்டு நாயைக் காட்டியது, பிறகு அதன் பல்லைக் காட்டியது, பிறகு 'இல்லை இல்லை' என்று ஆடியது. கடிக்காதாம்! சைகையில் சொல்கிறாராம்! சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கயிறு மாட்டும் வரை அசையக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவன் குனிந்து நாயின் பட்டையைப் பிடித்தான். "பாத்தியாடா மேனேஜர், நீ பண்ற வேலையை! என்ன கண்ணுடா அது... இமையில மழைத்துளி உக்காந்திருக்கு, இறங்கவே மனசு வரலை அதுக்கு. இந்தக் கண்ணோட ஒரு குரலும் இருந்திருந்தா..."

க்ளிக். கயிறு மாட்டியாகிவிட்டது.

மரம் நிமிர்ந்தது. "மரம் பேசாது, சார். அதான் பேசலை."

அவன் துள்ளினான், நாய்கூட அப்படித் துள்ளியிருக்காது. மழையில் நனைந்த முகத்தில் அசடு வழிந்தது... நல்ல முகம்தான். அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு இப்போது மனமில்லை.

"நீங்க... கேட்டீங்களா? எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும். கடிக்காதுன்னு சொன்னீங்களே, யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"என் நாயை எனக்குத் தெரியாதாங்க?"

"உங்க நாயை உங்களுக்குத் தெரியும். என்னை உங்க நாய்க்குத் தெரியுமா?"

  அவள் விறுவிறுவென்று நடந்துவிட்டாள். பள்ளிக்கூட வாசலை அடைந்த பிறகுதான் நின்றாள். இமையைத் தொட்டுப் பார்த்தாள்... துளி இறங்கிவிட்டிருந்தது.

மறுநாள் பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, வகுப்புக்குள் ஒருவனை அழைத்துவந்தார். "என் தம்பி. கால்நடை டாக்டர். மிருகங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்னு புதன்கிழமை புதன்கிழமை வந்து சொல்லித் தருவான். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து நடத்துங்க."

சின்ன டீச்சர் அனிச்சையாகக் கீழே பார்த்தாள். இன்று இரண்டு காலிலும் செருப்பு இருந்தது.

"மரம்..." என்றான் அவன், மெல்ல.

"செருப்பு கிடைச்சுதா?" என்றாள் அவள், அதைவிட மெல்ல.

வகுப்பில் பஞ்சு என்றொரு முயல் உண்டு. முதல் புதனன்றே பஞ்சுவைக் காதைப் பிடித்துத் தூக்கும் வழக்கம் ஒழிந்தது. ஒரு கை நெஞ்சுக்கு, ஒரு கை பின்பக்கத்துக்கு என்று தரையில் உட்கார்ந்து பிடிக்கக் கற்றார்கள். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் கிட்டே போகக் கூடாது. வேறு வீட்டுப் பிராணி என்றால் மூன்றே வார்த்தை. "கேளு, காட்டு, காத்திரு!" வளர்க்கிறவரைக் கேட்க வேண்டும். மூடிய கையைத் தள்ளியே காட்ட வேண்டும். அதுவாக வரும்வரை காத்திருக்க வேண்டும். வராவிட்டால்? "டாட்டா சொல்லிட்டு வந்துடணும்!"

பிள்ளைகள் கற்றதை விடாக்கண்டர்களாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மத்தியானம் பெரிய டீச்சரின் அறையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவரைக் கூப்பிட ஒரு குழந்தையும் போகவில்லை. "சாப்பிடறப்ப கிட்ட போனா கடிச்சிடும்" என்று வாசலில் காவல் வேறு. பெரிய டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, புரையேறிச் சிரித்து, தம்பிக்குப் போன் போட்டுத் திட்டினார்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவி வாலு. சுருட்டை முடி, விழுந்த முன்பல், ஓயாத வாய். ஒரு புதன்கிழமை டாக்டரின் மீசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். "டாக்டர், உங்க மீசையைத் தொடணும். உங்களை வளக்கறது யாரு? யார்கிட்ட கேக்கணும்?"

டாக்டர் யோசித்தான். "என்னை வளக்க இன்னும் யாரும் வரலையே..." என்றவனின் கண், முயல் கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருத்தியின் முதுகில் போய் நின்றது. முதுகுக்கும் காது உண்டு போலும். கூண்டின் அதே மூலையை அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்...

புதன்கிழமைகளுக்கு நல்ல சேலையாகத் தேடி எடுப்பதை அவளே கவனித்தாள். கவனித்து, தன்னையே திட்டிக்கொண்டு, அதையேதான் கட்டிக்கொண்டு போனாள்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, மேனேஜர் வரும்வரை.

"இன்னைக்கு நிஜ நாய்!" என்று டாக்டர் கயிற்றோடு உள்ளே வந்தான். பிள்ளைகள் ஆரவாரத்தை அடக்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார்கள். மேனேஜர் நடுக்கூடத்தில் அமர்ந்து ஒவ்வொருவராக நோட்டம் விட்டது. டாக்டரின் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து வருவோர் போவோரை இப்படி விசாரித்துத்தான் அந்தப் பெயர் வாங்கியதாம்.

"யாரு முதல்ல?"

"டீச்சர்! டீச்சர்!" என்றது வகுப்பே.

சின்ன டீச்சர் எழுந்தாள். கேட்டாள். கையை மூடி நீட்டினாள்... மேனேஜர் ஆசையோடு ஓர் அடி முன்னால் வந்தது, அவ்வளவுதான். கை தானாக நெஞ்சுக்கு வந்தது. கண் தரைக்கு இறங்கியது. உடம்பு கட்டையாகிவிட்டது.

டாக்டர் சிரித்துவிட்டான். "பாருங்க பாருங்க, டீச்சர் மறுபடியும் மரம் ஆயிட்டாங்க! அட, கடிக்காதுங்க!"

அவன் சிரித்ததும் பிள்ளைகள் சிரித்தார்கள். கூடம் முழுக்கச் சிரிப்பு.

அவள் வெளியே போய்விட்டாள். நாயைப் பெரிய டீச்சரிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு அவன் பின்னாலேயே வந்தான். "என்னங்க ஆச்சு? சும்மா விளையாட்டுக்கு..."

"எது விளையாட்டு? பயந்தவங்களைப் பாத்து சிரிக்கக் கூடாதுன்னு இந்தப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். நீங்க ஒரு நிமிஷத்துல அதைக் கெடுத்துட்டீங்க."

"உங்களுக்கு நிஜமாவே பயமா?"

ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். அது நாக்கு வரை வந்தது... ரோஷம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. "எனக்கென்ன பயம்? இனிமே நீங்க வர வேண்டாம். நானே பாத்துக்கறேன்."

அவன் முகம் வாடியது. "மன்னிச்சிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

சொன்னபடி அடுத்த புதன் அவன் வரவில்லை. சொன்னபடி கேட்கிறவர்களைப் போல எரிச்சல் மூட்டுகிறவர்கள் உலகத்தில் இல்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து நிமிர்ந்து அவளுக்குக் கழுத்து வலித்தது.

வாலு வந்து மடியருகே நின்றாள். "டீச்சர், அன்னைக்கு நாங்க சிரிச்சுட்டோம். தப்பு. உங்களுக்கு நாய்னா பயமா?"

வகுப்பு முழுவதும் அவளையே பார்த்தது. இத்தனை நாளும் இந்தக் கண்களுக்கு முன்னால் தைரியசாலியாக நடித்தாயிற்று. உண்மையைச் சொன்னால் நாளைக்கு யார் நம்புவார்கள்?

"ஆமா கண்ணுங்களா," என்றாள். "ரொம்ப பயம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. வாலு அவள் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "டாக்டர்கிட்ட சொன்னீங்களா? பயமா இருந்தா, கூட இருக்கறவங்ககிட்ட சொல்லிடணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சின்ன டீச்சர் முயல் கூண்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

 அன்று பஞ்சு தட்டில் வைத்த புல்லைத் தொடவேயில்லை. மூலையில் உருண்டையாகச் சுருண்டு கிடந்தது. விசாரித்ததில், யாரோ பாசம் பொத்துக்கொண்டு ஒரு பாக்கெட் க்ரீம் பிஸ்கட்டை ஊட்டியது தெரிந்தது. யார் என்று கேட்பதற்குள் வாலு அழ ஆரம்பித்துவிட்டாள். "அதுக்குப் பிடிச்சுதே டீச்சர்..."

முயல் ஒரு வேளை சாப்பிடாவிட்டாலும் சும்மா இருக்காதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று அவன் முதல் நாளே சொல்லியிருந்தான்.

"தம்பியை இங்க வரச் சொல்லட்டுமா?" என்றார் பெரிய டீச்சர். கேள்வி சாதாரணம்தான், பார்வை சாதாரணமில்லை.

"வேண்டாங்க. நானே போறேன்."

கூடையில் பஞ்சுவை வைத்து, மேலே துண்டைப் போர்த்தி, மறக்காமல் குடையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியின் கேட்டைத் தள்ளித் திறந்தாள். கதவுக்கு முன்னால், கால்மிதியின் மேல், மேனேஜர்!

எழுந்து நின்றது. வாலை ஆட்டியது. அவள் கால்கள் வேர் பிடித்தன. கண் இறங்கியது. கூடைக்குள் பஞ்சு முனகக்கூட இல்லை. மரம் பேசாது... பேசாமல் நின்றால் இந்த உயிர் போய்விடும்.

"எனக்கு..." குரல் உடைந்தது. அப்புறம் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "எனக்கு நாய்னா பயம்!"

கதவு திறந்தது. "பயப்படா..." என்று தொடங்கியவன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். விறுவிறுவென்று மேனேஜருக்குக் கயிறு மாட்டி, அதைக் கொல்லைக் கம்பியில் கட்டிவிட்டு வந்தான். இரண்டடி தள்ளியே நின்றான். "கட்டிட்டேன். நீங்களா வாங்க. அவசரமில்ல... கூடையை மட்டும் இப்பவே குடுங்க, அதுக்கு அவசரம்."

பஞ்சுவின் வயிற்றைத் தடவிப் பார்த்தான். மருந்து கொடுத்தான். ஊசி முனையில்லாத குழாயால் கரைத்த தீனியைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினான். அவள் துண்டோடு முயலைப் பிடித்துக்கொண்டாள். இருட்டும் நேரத்தில் பஞ்சு கொஞ்சம் புழுக்கை போட்டது, வயிறு வேலை செய்யத் தொடங்கிவிட்டது. இரண்டு பேரும் ஏதோ பரிசு விழுந்ததைப் போலச் சிரித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அவள் வளையலை மேலே தள்ளினாள். மணிக்கட்டில் பழைய தழும்பு. "வாலு வயசு இருக்கும் எனக்கு. பக்கத்து வீட்டு மாமா, 'தடவு கண்ணு, கடிக்காது'ன்னார். அது சாப்பிட்டுட்டு இருந்துச்சு... எனக்கு யாரும் சொல்லித் தரலை."

அவன் அந்தத் தழும்பைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். கண் கலங்கிவிட்டது. "அந்த வார்த்தையை உங்ககிட்ட நான் ரெண்டு தடவை சொல்லியிருக்கேன்."

"சைகையில ஒண்ணு. மூணு."

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"மேனேஜரைத் தொடலாமா?" என்றாள் திடீரென்று.

கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு அவன் தரையில் உட்கார்ந்தான். அவள் மூடிய கையை நீட்டினாள். கை நடுங்கியது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மேனேஜர் கழுத்தை நீட்டி, விரல்களை முகர்ந்து, தலையை மெல்ல அவள் கைக்குக் கீழே கொண்டுவந்து வைத்தது... சூடாக இருந்தது. இவ்வளவு மென்மையாக இருக்கும் என்று இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரியாது.

அவள் கண்ணில் நிறைந்தது இமையில் வந்து நின்றது. மழைத்துளி இல்லை.

"டீச்சர்..." என்றான் அவன். "வாலு ஒரு கேள்வி கேட்டாளே, என்னை வளக்கறது யாருன்னு. அதுக்கு இன்னும் சரியான பதில் சொல்லாம இருக்கேன். அந்த மழையிலயே உங்களைப் பிடிச்சுப் போச்சு. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு... கேட்டுட்டேன்." மூடிய கையை அவளுக்கு முன்னால் நீட்டினான். "காட்டிட்டேன்." கை அங்கேயே நின்றது. "காத்திருக்கேன். பிடிக்கலன்னா டாட்டா சொல்லிடுங்க... போயிடறேன்."

அவள் தலை குனிந்தது. கைகள் மடங்கி நெஞ்சுக்கு வந்தன. கண் தரையைப் பார்த்தது. மூச்!

"ஐயோ, மரம்..." என்றான் அவன், பரிதாபமாக. "இது பயந்த மரமா, வெட்கப்பட்ட மரமா? எனக்கு வித்தியாசம் தெரியலையே..."

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

நீட்டிய அந்தக் கையும் நடுங்கிக்கொண்டிருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். ஒரு கிளை மெல்லப் பிரிந்து வந்து, தழும்போடு, அவன் கைமேல் இறங்கியது.

"பயப்படாதீங்க," என்றாள். "கடிக்காது."