ஸ்ரெல்லாவில் குடிவந்த குளவி

எழுவைதீவுக் கரையில் மூன்று மாதமாக ஒரு படகு குந்திக்கொண்டிருந்தது. அதன் பெயர் ஸ்ரெல்லா.

ஊரில் உள்ள மற்றப் படகுகளைப்போல அது திறந்த படகு அல்ல. நடுவில் சின்னதாக ஓர் அறை. அறைக்கு நான்கு கண்ணாடி யன்னல்கள். உள்ளே காலை நீட்டிப் படுக்கத்தக்க இரண்டு வாங்குகள். ஒருகாலத்தில் உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சொகுசாகத் திரிந்த படகாம். இப்போது அதற்கு இருபத்தைந்து வயது. யன்னல்களில் இரண்டு உடைந்துவிட்டன. அடிப்பக்கம் வெடித்துவிட்டது. எஞ்சின் என்று ஒரு துருக்கட்டி மட்டும் உள்ளே கிடந்தது.

"இதைப் பார்த்தே வாங்கினனீங்கள்?" என்று அம்மா கேட்டார்.

அப்பா அடைக்கலநாதன் தலையைச் சொறிந்தார். "பார்த்துத்தான் வாங்கினனான். நான் பார்க்கேக்கை இவ்வளவு மோசமில்லை."

ஆனால் அப்பா அந்தப் படகை வாங்கியதற்கு நல்ல காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் தனுசியா சித்தி.

சித்திக்குக் கலியாணமாகி ஏழு வருடம். இப்போதுதான் முதல் பிள்ளை பிறக்கப்போகிறது. சித்தப்பா வெளிநாட்டில் இருந்ததால் சித்தி இவர்களோடுதான் இருந்தார். தீவில் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. கடலைத் தாண்டி ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கிருந்து யாழ்ப்பாணம் போகவேண்டும். "திறந்த போட்டிலை இருந்து குலுங்கிக்கொண்டு வரக்கூடாது. படுத்துக்கொண்டு வாங்கோ" என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதனால் மாதம் முடிவதற்குள் ஸ்ரெல்லா எழுந்து நடந்தாக வேண்டும்.

குருநகரில் இருந்து கொலின்ஸ் என்ற மெக்கானிக் கிழமைக்கு இரண்டு நாள் வந்தார். பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு எஞ்சின் வைத்தார். புதிதாக ஒரு டீசல் தாங்கியும் பொருத்தினார். அவருடைய தலை எப்போதும் படகின் வயிற்றுக்குள்தான் இருக்கும். கால்கள் மட்டும்தான் வெளியே தெரியும். அப்பா அடிப்பக்க வெடிப்பை அடைத்தார். பத்து வயது நிரோஜினி பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து, சொரசொரத்த தாளால் பழைய பெயின்றைத் தேய்த்தாள். தேய்த்துத் தேய்த்து அவளுடைய மூக்குக்கூட நீலமாகிவிட்டது.

அப்படித் தேய்த்த ஒரு நாளில்தான் அவள் அதைக் கண்டாள். படகின் வெளிப்பக்கத்தில், மேல் விளிம்புக்குக் கீழே, சுண்டுவிரல் அளவில் ஒரு பித்தளைக் குழாய் வாய் இருந்தது. அதில் ஒரு குளவி ஈரமண்ணைக் கொண்டுவந்து கொண்டுவந்து அப்பிக்கொண்டிருந்தது. அது ஏற்கெனவே பாதி வீடு கட்டி முடித்துவிட்டது.

அப்பா பெயின்ற் சுரண்டும் தகட்டை எடுத்து அதைச் சுரண்டப் போனார்.

"ஐயோ அத்தான், உடையாதேங்கோ!" கரையில் இருந்த சித்தி பதறிப்போனார். "குளவி வீடு கட்டினாப் பிள்ளை பிறக்கும் எண்டு சொல்லுவினம். பிள்ளை பிறக்கப்போற வீட்டிலை அதைத் தொடக்கூடாது."

"இது வீடில்லையே பிள்ளை. போட்."

"ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமட்டும் எனக்கு உதுதானே வீடு?"

அப்பா தகட்டைக் கீழே போட்டார்.

"நான் பார்த்துக்கொள்ளுறன் சித்தி" என்றாள் நிரோஜினி. "ஒருத்தரும் உடைக்க விடமாட்டன்."

சொன்னபடியே செய்தாள். குளவி மண்ணால் வாயை முழுக்க மூடிவிட்டுப் பறந்துபோன பிறகு, ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து அதன்மேல் ஒட்டினாள். அப்பா அதைச் சுற்றி நீலப் பெயின்ற் அடித்தார். பெயின்ற் காய்ந்ததும் சிரட்டையை எடுத்துப் படகின் அறைக்குள் போட்டாள். நீலப் படகில் வட்டமாக ஒரு மண்வீடு அழகாக இருந்தது. பகலில் மூன்று தடவையாவது அதை எட்டிப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

கடைசியில் ஸ்ரெல்லா தண்ணீரில் இறங்கியது. கரையோரமாகப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார்கள். எஞ்சின் சத்தம் சீராக இருந்தது. கொலின்ஸ் கைகளைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கே போகலாம் அண்ணை" என்றார்.

மறுநாள் காலை புறப்படுகிற அவசரத்தில் நிரோஜினிதான் தேநீர் ஊற்றினாள். தகரத்தில் அடைத்த ரின்பாலில் ஓர் ஓட்டை போட்டுக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது. பிறகு ஒன்றும் விழவில்லை. ரின்னைக் குலுக்கினாள். அப்போதும் விழவில்லை.

"எத்தினை தரம் சொல்லுறது?" அம்மா ரின்னைப் பறித்தார். "இரண்டு ஓட்டை போடு. ஒண்டாலை காத்து உள்ளை போனாத்தான் மற்றதாலை பால் வரும்."

எட்டு மணிக்குப் படகு புறப்பட்டது. அப்பா சுக்கானைப் பிடித்தார். கொலின்ஸ் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தார். அறைக்குள் சித்தி படுத்திருக்க, அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் மிதவை அங்கி போட்டிருந்தார்கள். அன்று தென்மேற்கில் இருந்து வரும் சோளகக் காற்று கொஞ்சம் பலமாகத்தான் வீசியது.

பாதித் தூரம் வந்ததும் எஞ்சினின் சத்தம் இளைத்தது. பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது.

திடீரென்று அலைச்சத்தம் மட்டும் கேட்டது. அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த நிரோஜினி எழுந்து நின்றாள்.

"என்ன தம்பி?" என்று அப்பா கேட்டார்.

"டீசல் வரேல்லை அண்ணை. பொறுங்கோ, பார்க்கிறன்."

கொலின்ஸ் பின்தளத்தில் இருந்த தாங்கியின் மூடியைத் திறந்து, ஒரு தடியை உள்ளே விட்டார். தடியில் முக்கால்வாசிக்கு டீசல் தெரிந்தது. மூடியை முன்னையிலும் பலமாக இறுக்கினார். வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார். அதுவும் சுத்தமாக இருந்தது. அதைத் திரும்பப் பூட்டிவிட்டு எஞ்சின் திறப்பைத் திருகினார். எஞ்சின் உறுமியது!

"அப்பாடா" என்றார் அம்மா.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எஞ்சின் மறுபடியும் நின்றது.

காற்று படகைக் காரைநகர்ப் பக்கமாகத் தள்ளியது. அந்தப் பக்கம் தண்ணீர் ஆழமில்லை. அடியில் முழுக்கக் கல். அப்பா நங்கூரத்தைப் போட்டார். கயிறு இறுகியது. பிறகு மெதுவாகத் தளர்ந்தது.

"நங்கூரம் இழுபடுது" என்றார் அப்பா. அவர் சத்தமாகச் சொல்லவில்லை. அதனால்தான் நிரோஜினிக்கு இன்னும் பயமாக இருந்தது.

அறைக்குள் இருந்து ஒரு முனகல் வந்தது. அம்மா தலையை வெளியே நீட்டினார்.

"இஞ்சை பாருங்கோ, தனுசியாவுக்கு நோ தொடங்கிட்டுது."

"இண்டைக்கோ? இன்னும் ஒரு கிழமை இருக்கெண்டினம்!"

"பிள்ளைக்கு நாள்காட்டி பார்க்கத் தெரியுமே? வரப்போறன் எண்டுது!"

அப்பா ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்குத் தொலைபேசியில் கதைத்தார். இன்னொரு படகு வந்துசேர முக்கால் மணித்தியாலம் ஆகும் என்றார்கள். அப்பா கல்லுப் பக்கத்தைப் பார்த்தார். வெள்ளை நுரை தெளிவாகத் தெரிந்தது. முக்கால் மணித்தியாலம் அவர்களிடம் இல்லை.

கொலின்ஸின் நெற்றியில் இருந்து வியர்வை வடிந்தது. "பில்ரர் சரி. குழாய் சரி. டீசல் நிறையக் கிடக்குது. பிறகேன் வராது?" என்று தனக்குத்தானே கதைத்தபடி மறுபடியும் மூடியைத் திறந்தார்.

உஸ்ஸ்!

சின்னச் சத்தம்தான். காற்றிலும் அலையிலும் யாருடைய காதிலும் விழவில்லை. பக்கத்தில் தடியை வைத்துக்கொண்டு நின்ற நிரோஜினிக்கு மட்டும் கேட்டது. தாங்கி மூச்சை உள்ளே இழுத்த சத்தம் அது.

கொலின்ஸ் மூடியை இறுக்கிவிட்டு எஞ்சினைத் தொடக்கினார். ஓடியது. மூன்று நிமிடத்தில் நின்றது.

மூடியைத் திறந்தால் ஓடுகிறது. மூடினால் நிற்கிறது. நிரோஜினிக்குக் காலையில் கவிழ்த்த ரின்பால் ஞாபகம் வந்தது.

"கொலின்ஸ் அண்ணை, தாங்கிக்கு இரண்டாவது ஓட்டை எங்கை?"

"பிள்ளை, இப்ப கதைக்க நேரமில்லை."

"இல்லை அண்ணை, காத்து உள்ளை போறதுக்கு ஓட்டை ஒண்டும் இல்லையே?"

"ஏன் இல்லை? பழைய குழாய் ஒண்டு கிடந்தது. உள்ளுக்கு அதோடைதான் பூட்டி விட்டனான். உந்தப் பக்கம், வெளியிலை, பித்தளையிலை ஒரு வாய் இருக்கும்..."

நிரோஜினியின் முகம் வெளுத்துப்போனது.

"அண்ணை... அதிலை குளவி வீடு கட்டியிருக்கு."

கொலின்ஸ் அப்படியே நின்றார். உள்ளே வேலை செய்த அவர் ஒருநாளும் வெளியே வந்து பார்க்கவில்லை. வெளியே பெயின்ற் அடித்த அப்பாவுக்கு அந்தக் குழாய் உள்ளே எங்கே போகிறது என்று தெரியாது. இரண்டு பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கம்பியைத் தா, குத்தி எடுக்கிறன்!" என்றார் அப்பா.

"வேண்டாம் அண்ணை! தாங்கி உறிஞ்சிக்கொண்டு நிக்குது. குத்தினா மண் முழுக்க உள்ளை போயிடும். பிறகு எஞ்சினை மறக்கவேண்டியதுதான்."

அறைக்குள் சித்தி மறுபடியும் முனகினார். நிரோஜினிக்கு அழுகை வந்தது. குளவி வீட்டைக் காப்பாற்றியது அவள்தான். அதனால்தானே இப்போது சித்திக்கு இந்த நிலை? ஆனால் அழ நேரமில்லை. கல் கிட்ட வந்துகொண்டிருந்தது.

"மூடியைத் திறந்தபடியே ஓடினா என்ன?" என்று கேட்டாள்.

"அலை அடிக்குது பார். ஒரு கோப்பை உப்புத்தண்ணி உள்ளை போனாலும் எஞ்சின் செத்துப்போம்."

காற்று போகவேண்டும். தண்ணீர் போகக்கூடாது. நிரோஜினி ஒரு கணம் யோசித்தாள். பிறகு அறைக்குள் பாய்ந்து, வாங்கின் கீழே கையை விட்டுத் துழாவினாள். குளவிக்குக் குடையாக இருந்த சிரட்டை அங்கேதான் கிடந்தது.

கொலின்ஸுக்கு உடனே விளங்கிவிட்டது. தாங்கியின் வாயோரத்தில் இரண்டு சின்ன மரத்துண்டுகளை வைத்து, சிரட்டையை அதன்மேல் கவிழ்த்தார். விரல் போகிற அளவுக்கு இடைவெளி இருந்தது.

"ஆரேன் பிடிச்சுக்கொண்டு இருக்கவேணும். இல்லாட்டி அலை தூக்கிக்கொண்டு போயிடும்."

அப்பா சுக்கானை விடமுடியாது. கொலின்ஸ் எஞ்சினை விடமுடியாது. அம்மா சித்தியை விடமுடியாது.

"நான் பிடிக்கிறன்" என்றாள் நிரோஜினி.

அப்பா அவளுடைய மிதவை அங்கியை ஒருமுறை இழுத்துச் சரிபார்த்தார். அவளைச் சுற்றிக் கயிறு போட்டுப் படகோடு கட்டினார். தன்னுடைய மழை அங்கியைக் கழற்றி அவள்மேல் போர்த்தினார். அவள் சிரட்டையின்மேல் குனிந்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

எஞ்சின் ஓடத் தொடங்கியது. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம். மூன்று. நான்கு. ஐந்து.

"நிக்கேல்லை!" என்று கொலின்ஸ் கத்தினார். அப்பா நங்கூரத்தை இழுத்தெடுத்துவிட்டுப் படகைத் திருப்பினார். வெள்ளை நுரை மெல்ல மெல்லப் பின்னால் போனது.

ஒவ்வோர் அலையும் நிரோஜினியின் முதுகில் அறைந்தது. உப்புத்தண்ணீர் கண்ணுக்குள் போய் எரிந்தது. விரல்கள் மரத்துப்போயின. மூக்கு வேறு கடித்தது. சொறிய ஒரு கையைக்கூட எடுக்கமுடியவில்லை. அது எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை.

"பிள்ளை, ஏலுமே?" என்று அப்பா கேட்டுக்கொண்டே வந்தார்.

"ஓம் அப்பா! மூக்குத்தான் கடிக்குது!"

இருபத்தைந்து நிமிடத்தில் ஸ்ரெல்லா ஊர்காவற்றுறையைத் தொட்டது. கரையில் அம்புலன்ஸ் காத்துநின்றது. சித்தியை இறக்கிய பிறகு அப்பா நிரோஜினியின் விரல்களை ஒவ்வொன்றாகச் சிரட்டையில் இருந்து எடுத்துவிட்டார். அவள் முதல் வேலையாக மூக்கைச் சொறிந்தாள்.

பின்னேரம் நாலு மணிக்குச் சித்திக்குப் பெண்குழந்தை பிறந்தது. நிரோஜினி பார்க்கப் போனபோது சித்தி களைத்துப்போய்ப் படுத்திருந்தார். ஆனாலும் முதலில் கேட்டது அதைத்தான்.

"குளவி வீடு?"

"அப்பிடியே இருக்கு சித்தி."

சித்தி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நிரோஜினியும் அழுதாள். குழந்தையும் தன் பங்குக்கு அழுதது.

இரண்டு கிழமையாக ஊர்காவற்றுறையிலேயே கட்டிக்கிடந்த படகைத் திருத்தக் கொலின்ஸ் வந்தார். இந்தமுறை படகின் வெளிப்பக்கத்தை முழுதாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே இறங்கினார். அறைக் கூரைக்கு மேலே வளைந்த புதுக் குழாய் ஒன்று போட்டு, அதன் வாயில் வலை கட்டினார். பழைய குழாயை உள்ளே அடைத்துவிட்டார். மண்வீட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிந்தன. குளவிக் குஞ்சுகள் எப்போதோ பறந்துவிட்டன. அப்பா அதை இப்போது பயமில்லாமல் சுரண்டி எடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தியும் குழந்தையும் ஸ்ரெல்லாவில் வீட்டுக்கு வந்தார்கள். எஞ்சின் ஒருதரம்கூட இருமவில்லை. எல்லோரும் கரையில் இறங்கியபோது ஒரு குளவி பறந்துவந்தது. அதன் வாயில் ஈரமண் இருந்தது. அது புதுக் குழாயை ஒருமுறை சுற்றிப் பார்த்தது. பிறகு நேரே போய்ப் பழைய பித்தளை வாயில் உட்கார்ந்தது.

"அம்மா, இந்த வீடு ஆருக்கு?" என்று நிரோஜினி கேட்டாள்.

சித்தி குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"எனக்கு வீட்டிலை வேலை கிடக்கு!" என்று அம்மா விறுவிறென்று நடந்தார். அவருடைய காதுகூடச் சிவந்துவிட்டது.

நிரோஜினிக்குத் தம்பி ஒருவன் வேண்டும் என்று கனநாள் ஆசை. அவள் சிரட்டையைத் தேடப் போனாள்.