மூன்றாம் ஆளின் எண்

நண்டைப் பற்றி ஒரு கதை உண்டு. கடலோரத்து நண்டொன்று அலைக்கு அஞ்சித் தன் வளையின் வாயை ஈரமண்ணால் அடைத்துக்கொண்டது. இனி ஆபத்தெல்லாம் வெளியேதான் என்று நிம்மதியாகக் கண்களை உள்ளிழுத்துக்கொண்டதாம். வளைக்குள் தனக்கு முன்பே எது வந்து அமர்ந்திருக்கிறது என்று அது திரும்பிப் பார்க்கவில்லை. கதை அவ்வளவுதான். மீதியைச் சொல்ல அந்த நண்டு வெளியே வரவில்லை.

ரஞ்சனி நண்டும் மீனும் விற்பவள். ஆனால் இந்தக் கதையை அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

பாகூருக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய குப்பத்திலிருந்து புறப்பட்ட அவளுடைய குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டி ஏம்பலத்துக்கு வந்து சேர்ந்தபோது உச்சிவெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சாலையின் ஒரு பக்கம் நெல், மறுபக்கம் ஆளுயரக் கரும்பு. வழக்கமான இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொழுந்தன் குணா தண்ணீர்க் குடத்தோடு பம்புசெட்டுப் பக்கம் நடந்தான். ரஞ்சனி வண்டியின் முன்னே சாக்கை விரித்து, அரிவாள்மணையைப் போட்டு அமர்ந்தாள். வாங்குவோர் இன்னும் வரவில்லை. கரும்புத் தோகைகள் ஒன்றோடொன்று உரசுகிற ஓசை மட்டும் கேட்டது.

அப்போது வண்டியின் பின்புறம் ஒரு சத்தம்.

கீச். கீச். கீச்.

அவள் கை அப்படியே நின்றது.

அந்தச் சத்தத்துக்கு அவள் ஏன் நடுங்கினாள் என்பதைச் சொல்ல வேண்டும். ஐஸ்பெட்டி பொருத்திய அந்த வண்டியை வாங்கிய புதிதில் சாவியால் பட்ட பாடு கொஞ்சமில்லை. உப்புக்காற்றில் சாவி துருப்பிடித்தது, ஈரக்கையில் வழுக்கியது. ஒருநாள் சாவிக்கொத்து கெளுத்தியோடு தராசில் ஏறி, யாரோ ஒருவர் வீட்டுக் குழம்புச்சட்டி வரைக்கும் போய்த் திரும்பியது. அதற்குப் பிறகுதான் வில்லியனூர் மெக்கானிக் முத்துக்குமரன் பெட்டிக் கதவில் ஒரு நம்பர் பூட்டைப் பொருத்தினான். பொத்தான்களில் நான்கு எண்களை அழுத்தினால் கதவு திறக்கும். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். ஆளுக்கொரு எண், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. திறந்தது யார் என்று சத்தத்தைக் கொண்டே அறியலாம். ரஞ்சனியின் எண்ணுக்கு ஒரு கீச்சு. குணாவின் எண்ணுக்கு இரண்டு. மூன்று கீச்சு அவள் கணவன் ராஜ்கமலுக்கு. கடலிலேயே கிடப்பவனுக்குக் கடைசி இடம் போதும் என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

ஐப்பசிப் புயலுக்கு மறுநாள், போட்ட வலையைப் பார்த்து வருகிறேன் என்று தனியாகப் போனான். படகு கரை சேர்ந்தது. அவன் சேரவில்லை.

உடல் கிடைக்காதவனுக்கு அந்தக் குப்பத்தில் ஒரு முறை உண்டு. காரியம் முடிந்த அன்று அவன் பொருள் ஒன்றுவிடாமல் அவனுடைய கைலியிலேயே மூட்டை கட்டிக் கடலுக்குக் கொடுத்துவிடுவார்கள். சீப்பு, தலையணை, வலை பின்னும் ஊசி, கைப்பேசி எல்லாம் போயின. மூட்டை மிதந்து விலகியபோது மாமியார் தனக்கொடி ரஞ்சனியின் காதோடு சொன்னாள்.

"ஒண்ணு மிச்சம் இருந்தாலும் அதக் கேட்டுக்கினு வருவான். வந்தா, வூட்டுக்குள்ள கூப்பிட்டுடாத."

ரஞ்சனி எழுந்து வண்டியின் பின்னால் போனாள். யாருமில்லை. பெட்டிக் கதவு ஒருசாண் திறந்திருந்தது. குளிர்ந்த ஆவி வெளியே வழிந்துகொண்டிருந்தது. உள்ளே, இடது மூலையில், பனிக்கட்டியின் மேல் ஒரு கொடுவா கிடந்தது. அவள் ஏலத்தில் எடுத்த மீன்களில் கொடுவாவே இல்லை.

அதன் செவுள் அசைந்தது.

கடலிலிருந்து இத்தனை தூரத்தில், இத்தனை வெயிலில், அது உயிரோடு வாயைத் திறந்து திறந்து மூடியது. விற்பனைக்கு முன்பே வீட்டுக்கென்று எடுத்து வைக்கும் மீனைக் கறிமீன் என்பார்கள். ராஜ்கமல் கறிமீனை எப்போதும் அந்த இடது மூலையில்தான் வைப்பான்.

பேயை நம்புவதைவிட மனிதரைச் சந்தேகிப்பது எளிது. குணா குடத்தோடு திரும்பி வந்தபோது அவன் முகத்தை அவள் உற்றுப் பார்த்தாள். மீனைக் கண்டதும் அவன் கண்களைத் திருப்பிக்கொண்டான். ஏது என்று கேட்கவுமில்லை.

சில வாரங்களாகவே அவன் வண்டியை விற்றுவிடலாம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். திருக்கனூரில் ஒரு மீன்கடைக்காரர் கேட்கிறாராம். அவரிடமே அவனுக்கு ஓட்டுநர் வேலையும் உண்டாம். அவனுக்கு வேலை கிடைக்கும். அவளுக்கு? மறுபடியும் தலையில் கூடை. மீன்கூடையைக் கண்டாலே விசில் ஊதிப் போய்விடும் பேருந்துகளின் பின்னால் ஓட வேண்டும். ஏய்ப்பதற்கு வாய்ப்பாக அவள் தனியாக வேறு இருந்தாள். அண்ணன் தம்பிக்குத் தன் எண்ணைச் சொல்லாமலா இருந்திருப்பான்? வண்டி தனக்கு வேண்டும் என்பவன் அவளைப் பயமுறுத்துவதைவிட வேறென்ன செய்வான்?

கொடுவாவைக் கரும்புக்குள் வீசினாள். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் கரிக்கலாம்பாக்கம். நெல்வயலாக இருந்த இடத்தில் மனைக்கற்கள் வெள்ளை வெள்ளையாக நடப்பட்டுக் கிடக்கும் வெட்டவெளியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். மறைய ஒரு மரமில்லை. தராசைக் குணாவின் கையில் கொடுத்துத் தன் எதிரிலேயே நிற்கவைத்தாள். அவன் ஒரு விரலை அசைத்தாலும் தெரியும்.

பாதி மீன் விற்றிருந்தது. வெயில் ஏறியது. காற்று நின்றது.

முதலில் வண்டியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. கனமான ஓர் ஆள் காலைத் தூக்கிவைத்து ஏறுவதுபோல.

கீச். கீச். கீச்.

தராசு குணாவின் கையிலிருந்து விழுந்தது. அவன் உதடுகள் வெளுத்திருந்தன.

"ஒங்களுக்கும் கேட்டுதா, அண்ணி?"

அவள் தலையசைத்தாள்.

"எனக்கு மட்டுந்தான் கேக்குதுன்னு நெனச்சேன். புத்தி கலங்கிப் போச்சோன்னு பயந்துட்டேன். ஒங்கக்கிட்ட எப்டி சொல்றது? அதான் வித்துடலாம்னேன்."

இத்தனை நாளும் அவன் பயமுறுத்தவில்லை, பயந்துகொண்டிருந்திருக்கிறான். அவளுடைய சந்தேகம் அவனைவிட்டு இறங்கியது. ஆனால் இறங்கிய சந்தேகத்துக்கு அமர வேறு இடம் வேண்டுமே. இருவரும் பெட்டிக் கதவையே பார்த்தார்கள். சூரிய ஒளியில் பொத்தான்கள் ஈரமாக மின்னின.

எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்தார்கள். கையால் எடுத்துக் கொடுக்க முடியாத ஒன்றை மறந்துவிட்டார்கள். ஊரெல்லாம் அவன் இறந்துவிட்டான் என்று அழுதது. அந்தக் கதவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"அவரு நம்பரு இன்னும் அதுலயே கீது," என்றாள் ரஞ்சனி.

அப்போதே வில்லியனூருக்குப் புறப்பட்டார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டிகளின் வரிசையில் காத்திருந்தபோது பின்பக்கம் மறுபடி தாழ்ந்தது. மூன்று கீச்சு. கண்ணாடியில் கதவு ஆடுவது தெரிந்தது. குணா இறங்கி ஓடினான். உள்ளே பாராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவை அறைந்து சாத்திவிட்டு வந்து ஏறினான். அவர்கள் யோசித்ததெல்லாம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டுமே.

முத்துக்குமரன் விவரம் கேட்டுவிட்டுச் சிரித்தான். பாட்டி காலத்து ரேடியோவே பேய் பிடித்த மாதிரி பாடும், இது நம்பர் பூட்டு, பாடாதா என்றான். ஈரம் இறங்கியிருக்கும் என்றும் சொன்னான். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் வேலையைச் செய்தான். சில பொத்தான்களை அழுத்திப் பிடித்தான். பூட்டு நீளமாக ஒருமுறை முனகி அடங்கியது.

"முடிஞ்சிதுக்கா. இனிமே மூணாவது ஆளே கெடையாது. ஒருவாட்டி தொறந்து பாத்துக்கலாமா?"

"வாணாம்பா," என்றாள் ரஞ்சனி. "ஐஸு கரைஞ்சிடும்."

திரும்பும்போது பாகூர் ஏரிக்கு மேல் சூரியன் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. மனம் லேசாகியிருந்தது. குணாகூட ஒரு பாட்டை முணுமுணுத்தான். பிறகு நிறுத்தினான். பாதி மீன் விற்றாயிற்றே, வண்டி ஏன் இப்படிச் சுமையேற்றியதுபோல் இழுக்கிறது என்றான்.

அவள் பதில் சொல்லும் முன் பின்னாலிருந்து கேட்டது.

டொப். டொப். டொப். டொப்.

சற்று இடைவெளி.

மறுபடி அதே நான்கு. அவசரமில்லாமல், பொறுமையாக, தகரத்தை ஒரு விரல் அழுத்துகிற ஓசை. ஒவ்வொரு முறையும் நான்கு. ஒவ்வொரு முறைக்குப் பின்னும் திறக்கிறதா என்று பார்ப்பது போன்ற மௌனம்.

அந்தப் பெட்டியை உள்ளிருந்து திறக்க வழி கிடையாது. மீனுக்கு எதற்கு?

ரயில்வே கேட்டில் ஏறியவன் இறங்கவில்லை என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. அவனை உள்ளே வைத்துத்தான் எண்ணை அழித்திருக்கிறார்கள்.

குப்பத்தை அடைந்து, அவள் வீட்டு வாசலுக்கு எதிரே வண்டியைக் குணா நிறுத்தினான். தெருவில் ஆளில்லை, அலையின் இரைச்சல் மட்டும் இருந்தது.

"இப்டியே கடக்கரையில வுட்டுட்டுப் போயிடலாம், அண்ணி," என்றான் கிசுகிசுப்பாக.

விட்டுவிட்டால் வண்டி போனது போனதுதான். நாளைக்கே கூடையைத் தலையில் வைத்துப் பேருந்தைத் துரத்த வேண்டும். அது மட்டுமல்ல. பின்னால், இருட்டில், அந்த விரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. மூடிய அறையில் படுக்கமாட்டாமல் மழைநாளிலும் கதவருகே தூங்கியவன் அவன்.

அவள் இறங்கிப் போய்த் தன் எண்ணை அழுத்தினாள்.

கீச்.

கதவு திறந்தது. சேறும் பாசியும் கலந்த, ஆழ்கடலின் நாற்றம் முகத்தில் அடித்தது. பனிக்கட்டி முழுவதும் கரைந்து, தண்ணீர் அலைபோல விளிம்பில் மோதிச் சிந்தியது. உள்ளே யாருமில்லை.

ஆனால் வண்டி இன்னும் தாழ்ந்தே இருந்தது.

அலைந்து களைத்து, திரும்பும் வழியில் வண்டிக்குள்ளேயே அவன் உறங்கிப்போகும் நாட்கள் உண்டு. அந்நாட்களில் அவனை எழுப்பச் சொல்லும் சொல், அவள் தடுப்பதற்கு முன்பே, பழக்கத்தால் வாயிலிருந்து வந்துவிட்டது.

"எறங்குய்யா. வூடு வந்துடுச்சி."

வண்டி ஒரு பெருமூச்சோடு உயர்ந்தது.

குணா அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் கூப்பிடக் கூடாது என்று தன் தாய் சொன்னது அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இனி விற்கிற பேச்சைப் பேசமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருவிலிருந்த தாய் வீட்டை நோக்கி வேகமாக நடந்தான்.

ரஞ்சனி பெட்டிக் கதவைச் சாத்தினாள். பூட்டு தானே விழுந்தது. இனி அந்தக் கதவை இருவர் மட்டுமே திறக்க முடியும், வண்டி அவளுடையது. மணலைப் பார்த்தாள், அவள் காலடிகளைத் தவிர வேறில்லை. வீட்டுக்குள் போய், கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளும் கீழ்த் தாழ்ப்பாளும் போட்டாள். முதுகைக் கதவில் சாய்த்து நெடுநேரம் மூச்சு வாங்கினாள். வெளியே எந்தச் சத்தமும் இல்லை.

விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

கதவில், ஓர் ஆணின் மார்பளவு உயரத்தில், விரல்நுனி பட்டதுபோல மூன்று ஈர வட்டங்கள் இருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நான்காவது பதிந்தது.

அவை கதவின் உட்புறத்தில் இருந்தன.