ஒரே ஒரு வாய்

முகிலூரில் மாலைச் சங்கு ஊதினால் ஊரே பந்திக்கு வந்துவிடும். எல்லாருடைய தட்டிலும் ஒரே பச்சைக் களி விழும். அதில் ஒரு கவளத்தை வாயில் போட்டுவிட்டு, "இன்னிக்கு எண்ணெய்க் கத்திரிக்கா தூக்கலா இருக்குல்லா?" என்று ஒருவர் கேட்பார். "காரந்தான் கொஞ்சம் கூட" என்று பக்கத்திலிருப்பவர் சொல்வார். கத்திரிச் செடியை இருவருமே கண்ணால் பார்த்ததில்லை.

வெள்ளிக் கோளின் மேகங்களுக்குள், பெரிய பெரிய காற்றுப் பைகளில் தொங்கியபடி மிதக்கிற ஊர் அது. வயல் கிடையாது, தோட்டம் கிடையாது. தொட்டிகளில் பாசி வளர்கிறது. அதை அரைத்துக் கிண்டினால் களி. வயிறு அதிலேயே நிறைந்துவிடும். ருசிக்குத்தான் வேறு ஏற்பாடு. பால்பல் விழும் வயதில் ஒவ்வொருவருக்கும் நாக்கின் அடியில் நாச்சில்லு ஒன்றைப் பதித்துவிடுவார்கள். பந்திக் கூடத்தின் நடுவே சுவைமேடையில் ஊரின் சுவைஞர் உட்கார்ந்து அன்றைய பதார்த்தங்களை விசைகளால் அமைப்பார். அது அலையாகப் புறப்பட்டு எல்லா நாச்சில்லுகளுக்கும் போய்ச் சேரும். புளிப்பும் உறைப்பும் மட்டுமல்ல, மொறுமொறுப்பும் கொழகொழப்பும்கூட வரும்.

சுவைஞர் அனுப்பியதை வேண்டாம் என்று சொல்வது முகிலூரில் பெரிய அவமரியாதை. குழந்தைகள் முகம் சுளித்தால் மன்னிப்பார்கள். வளர்ந்தவர்கள் சுளித்தால் பெற்றவர்களைத்தான் கேட்பார்கள்.

கோமதியம்மாளை அப்படிப் பல பேர் கேட்டிருக்கிறார்கள். அவருடைய மகள் ஆவுடைக்கு வயது முப்பத்தைந்து. காற்றுப் பையின் உறை கிழிந்தால் கயிற்றில் இறங்கி ஒட்டுப் போடுவது அவள் வேலை. காலுக்குக் கீழே அமில மேகம் புரண்டுகொண்டிருக்கும். அவள் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை பார்ப்பாள். அமிலத்துக்குப் பயப்படாதவள் கத்திரிக்காய்க்குப் பயந்தாள். வெண்டைக்காய், தேங்காய்ச் சில்லு, பாலாடை, பச்சடியில் இடறும் வெங்காயம் என்று வேறு பயங்களும் இருந்தன. வீம்பு இல்லை. அந்த ருசி நாக்கில் பட்டதும் தொண்டை தானாக அடைத்துக்கொள்ளும். அவளுக்கு இறங்குவது தயிர்ச் சோறு ஒன்றுதான், அதுவும் தாளிக்காமல்.

இதனாலேயே இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயின. "சோத்துல குத்தம் பாக்குதவ மனுசங்ககிட்டயும் பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். "வீட்டுல நாங்க எல்லாத்தையும் திங்கோம். இவ மட்டும் யாரைக் கொண்டு பிறந்தாளோ தெரியல. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்" என்று கோமதியம்மாளும் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிவந்தார். கல்யாணம் ஆனால்தானே சரியாவதற்கு.

அதற்குப் பிறகுதான் ஆவுடை மருந்துக் கடையில் மாற்றுப்பொட்டு வாங்கினாள். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற சின்ன வட்டம் அது. மேடையிலிருந்து வரும் அலையை மறித்து, நாம் பதிந்து வைத்த ருசியை நாக்குக்குத் தரும். உறையின் மேல் 'ஒற்றைத் தலைவலிக்கு' என்று அச்சிட்டிருக்கும். முகிலூரில் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் அதிகம் போலிருக்கிறது. விருந்துக்கு முந்தைய மாலையில் அந்தக் கடை வாசலில் நிற்க இடம் இருக்காது. எல்லாரும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆவுடையும் பிடித்துக்கொள்வாள்.

இப்படிச் சமாளித்து வந்தவளுக்குக் காதல் வந்தது. வந்ததும் வந்தது, சுவைஞர் உலகம்மாளின் மகன்மேல் வந்தது.

பிரமநாயகம் தபால் ஓடம் ஓட்டுகிறவன். ஊருக்கு ஊர் பறந்து, அங்கங்கே போடுவதைச் சாப்பிட்டுப் பழகியவன். ஆவுடையின் பொட்டு விஷயம் அவனுக்கு மட்டும் தெரியும். நிச்சயதார்த்தத்தன்று காலையில் காற்றுப் பை மேடையில் அவளைப் பார்க்க வந்தான்.

"ஒரே ஒரு வாய் ஆவுடை. நாக்கூட்டு நேரத்துல மட்டும் பொட்டை எடுத்துரு. கண்ணை மூடிட்டு முழுங்கிரு. அதுக்கப்புறம் உன்னை யாரு கேக்கப் போறா?"

"நேத்து எடுத்துப் பாத்தேன். அவியல்."

"என்னாச்சு?"

"அத உங்ககிட்டச் சொல்லக் கூடாது. வெளிய வந்துட்டு."

அவன் தலையைச் சொறிந்தான். "எங்கம்மா அவியல் நல்லாத்தானே இருக்கும்."

"உங்களுக்கு எதுதான் நல்லா இல்ல? போன வாரம் ஓடத்துல கெட்டுப்போன களியத் தின்னுட்டு ஒரு புது ருசின்னு சொன்னீங்கள்லா?"

"புதுசாத்தான் இருந்துச்சு."

"எல்லாம் பிடிக்குதவங்க என்னையும் பிடிக்குன்னா, அதுல எனக்கு என்ன பெருமை?"

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். ஆனால் கயிற்றின் முடிச்சை இரண்டாம் முறையாக அவிழ்த்துக் கட்டினாள். நாக்கூட்டுதான் அவளுடைய பயம். நிச்சயப் பந்தியில் இரு வீட்டாரின் நாச்சில்லுகளையும் ஒன்றாக இணைப்பார்கள். ஒவ்வொருவர் நாக்கிலும் என்ன ருசி இருக்கிறதோ அது மற்ற எல்லார் நாக்கிலும் முறையாக வந்து போகும். இனி நாம் ஒரே பந்தி என்று அதற்குப் பொருள். பாயசம் முடிந்ததும் மணப்பெண் "கூட்டலாம்" என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை விசையை இழுக்க வேண்டும். பெண் சொல்லாமல் இழுக்கக் கூடாது. சொல்லிவிட்டால் யாரும் தடுக்கக் கூடாது.

பொட்டோடு இருந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். பொட்டில்லாமல் இருந்தால் வாந்தி வரும். இரண்டில் எது நடந்தாலும் நாயகம் கிடைக்கமாட்டான்.

மாலையில் கூடம் நிறைந்துவிட்டது. மகனுக்காக உலகம்மாள் விசேஷமாக அமைத்திருந்தார். ஒரே கவளத்தில் பதினாறு பதார்த்தம் ஒன்றன்பின் ஒன்றாக வருமாம். சரிகைப் புடைவை கட்டி மேடையில் நின்றவரைப் பார்த்ததும் ஆவுடை தலையைக் குனிந்துகொண்டாள். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் நாயகம். எதிரே தாய்மாமன் சங்கரபாண்டி, நண்டுக் குழம்புக்கென்றே பிறந்தவர்போல அரைக்கச்சையைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

முதல் கவளம் வாய்க்குள் போனது. கூடம் முழுக்க "ஆகா" என்றது.

"மதினி, எண்ணெய்க் கத்திரிக்கா உருகுது போங்க" என்றார் சங்கரபாண்டி, மேடையைப் பார்த்து.

"அந்த நண்டு இருக்கே, அடடா" என்றார் கோமதியம்மாள். பிறகு மகளின் காதுக்குள், "ஏட்டி, முகத்தை அப்படி வைக்காத. சிரி. இதுக்குக்கூட சிரிக்காட்டா வேற எதுக்குச் சிரிப்ப?" என்றார்.

ஆவுடை சிரித்தாள். வாயில் தயிர்ச் சோறு குளிர்ச்சியாகக் கரைந்துகொண்டிருந்தது. இதைப் போய் நண்டு என்று எத்தனை பந்தியில் சொல்வது? கல்யாணத்துக்குப் பிறகு தினமும் சொல்ல வேண்டுமே, அதுவும் இந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து. பாயசம் வரைக்கும் பயந்து சாவதற்குப் பதில் கிழிசலில் இறங்கிவிடுவது மேல் என்று தோன்றியது. உறை கிழிந்தால் அவள் யோசித்ததில்லை. கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்துவிடுவாள்.

எழுந்து நின்றாள்.

"கூட்டலாம்" என்றாள்.

முதல் கவளத்திலேயே அந்தச் சொல்லை இதுவரை எந்தப் பெண்ணும் சொன்னதில்லை.

"இரும்மா, இரும்மா" என்றார் மேடையிலிருந்த உலகம்மாள். குரல் பிசிறியது. "பாயசம் வரட்டும். இன்னும் யாரும்... என்ன அவசரம்?"

"இப்பவே கூட்டலாம், அத்தே."

அப்போது ஒரு விந்தை நடந்தது. கூடத்தில் இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காதுக்குப் பின்னால் அரித்தது. நூறு கைகள் மேலே போயின. கோமதியம்மாளின் கையும் போனது. அந்தக் கைகளைக் கவனிக்காதவர்கள் இரண்டே பேர், ஆவுடையும் பிரமநாயகமும். அவன் ஆவுடையின் தைரியத்தை நினைத்து நெஞ்சு நிறைந்து, விசையை ஓங்கி இழுத்துவிட்டான்.

யார் நாக்கு வருகிறதோ அவர் தலைக்கு மேலே விளக்கு எரியும். முதலில் ஆவுடையின் விளக்கு. எல்லார் வாயிலும் தாளிக்காத தயிர்ச் சோறு வந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முறை அடுத்த விளக்குக்குத் தாவியது. வாயில் நண்டு வரப்போகிறது என்று தொண்டையைத் தயார்படுத்திக்கொண்டாள்.

நண்டு வரவில்லை. சுட்ட அப்பளம் வந்தது. மொறுமொறுவென்று, கூட எதுவும் இல்லாமல்.

ஆவுடை கண்ணைத் திறந்தாள். விளக்கு அம்மாவின் தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா?"

கோமதியம்மாள் தட்டைப் பார்த்தார். "சத்தம் போடாத. சின்ன வயசுலயிருந்தே அப்படித்தான். பாயசத்துக்கு முன்னால கழட்டிரலாம்னு இருந்தேன்."

அடுத்தது சங்கரபாண்டி மாமா. பாலில் தோய்த்த பிஸ்கட். அதுவும் சீனி போட்ட பால். அரைக்கச்சையைத் திரும்ப இறுக்கிக்கொண்டு மாமா கூரையைப் பார்த்தார். அப்புறம் விளக்குகள் மளமளவென்று ஓடின. ரசஞ்சோறு. சீனி தொட்ட இட்லி. வெறும் முறுக்கு. மறுபடியும் ரசஞ்சோறு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரிடமிருந்து பொரிகடலை. எங்கோ ஒரு மூலையில் யாரோ பொறுக்க முடியாமல் சிரித்தார்கள். அது பக்கத்து வரிசைக்குப் பரவியது.

விளக்கு மேடைக்கு ஏறியது. சிரிப்பு அடங்கியது. உலகம்மாளின் நாக்கில் என்ன இருக்கும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

வெந்நீர். வெறும் வெந்நீர்.

"அதுக்கு என்ன இப்ப?" என்றார் உலகம்மாள். முகம் சிவந்திருந்தது. "காலையிலயிருந்து பதினாறையும் நக்கி நக்கிப் பாத்தவளுக்கு வேற என்ன இறங்கும்? நீங்கள்லாம் ருசிச்சுச் சாப்பிடுதீங்கன்னுதானே உசிரக் குடுத்துப் பண்ணேன்."

"நீங்க மனசு நோவீங்கன்னுதானே மதினி நாங்க..." என்றார் கோமதியம்மாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு உலகம்மாள்தான் முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேடையின் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். அதன்பின் கூடத்தை யாராலும் அடக்க முடியவில்லை. "ஓய், நீரு பிஸ்கட்டா? நண்டைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவீரே." "உம்ம பொரிகடலைக்கு அது தேவலாம்." பொட்டுகளை மறைக்காமல் கழற்றி மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் அப்பளத்தை இன்னொருவர் ருசி பார்த்தார். உலகம்மாள் ஆவுடையிடம் வந்து, "அந்தத் தயிர்ச் சோத்தை இன்னொரு தடவை அனுப்பு, தாயே. வயித்துக்கு நல்லாருக்கு" என்றார். ஆவுடையின் கண்கள் நிறைந்துவிட்டன. முகிலூரில் அப்படி ஒரு பந்தி நடந்ததில்லை.

அந்தக் கும்மாளத்தில் ஒரு விளக்கு பாக்கி இருந்ததை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அது எரிந்தது.

எண்ணெய்க் கத்திரிக்காய் கொழகொழவென்று வந்தது. அதன் தலையில் நண்டு, அதன்மேல் அவியல், வெண்டைக்காய், பாலாடை, பதினாறும் வரிசை தப்பாமல் வந்தன. கூடமே வாயைப் பொத்திக்கொண்டது. தண்ணீர்க் குவளைகள் பறந்தன. மூச்சு வந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரமநாயகம் நிம்மதியாக மென்றுகொண்டிருந்தான்.

"ஏய்யா," என்றார் உலகம்மாள், "இத்தனை வருசமா நான் அனுப்புனதை எல்லாமா தின்ன?"

"நல்லாத்தானேம்மா இருக்கு."

உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது பெருமையா கவலையா என்று அவருக்கே தெரியவில்லை.

மற்றவர்களுக்கு அதில் சந்தேகமே இல்லை, கவலைதான்.

"எல்லாத்தையுமா சாப்பிடுவாரு?" என்றார் பொரிகடலைப் பெரியவர். "எது பிடிக்கும் எது பிடிக்காதுன்னு ஒண்ணுமே கிடையாதா?"

"சின்னதுலயே வைத்தியர்கிட்டக் காட்டிருக்கணும்" என்றார் சங்கரபாண்டி மாமா.

"வளர்த்த விதம்" என்றது ஒரு குரல்.

யாரோ ஒரு மாற்றுப்பொட்டை அவன் காதுப் பக்கம் நீட்டினார்கள். "பாருங்க மாப்ள, ஒண்ணுமில்ல, ரசஞ்சோறுதான். எங்களுக்காக. ஒரே ஒரு வாய்."

"இதுவே போதுங்க" என்றான் நாயகம்.

"பாத்தீங்களா, வீம்பு."

கோமதியம்மாள் மகளை இழுத்து உட்காரவைத்தார். "நல்லா யோசிச்சுக்கோட்டி. எதைப் போட்டாலும் திங்குதவன நம்பி எப்படிப் பொண்ணக் குடுக்க? சோத்துல ஒரு பிடிமானம் இல்லாதவனுக்கு மனுசங்ககிட்ட மட்டும் எங்கயிருந்து வரும்?"

ஆவுடை நாயகத்தைப் பார்த்தாள். அவனைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். பத்துப் பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் இரண்டாவது கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வைப்பதா விழுங்குவதா என்று தெரியாமல் விழித்தான். பாவமாக இருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பினாள்.

"விடும்மா" என்றாள், மனசார. "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்."