திரையில் எழாத அலை

"ஊசியில நூல் கோக்கத் தெரியுது… காலடியில இருக்கிற வாளி தெரியலையா உனக்கு!"

காலையிலேயே கணவர் ஆரம்பித்துவிட்டார். கூடமெல்லாம் தண்ணீர். அவள் துணியைப் பிழிந்தாள். இடித்துக்கொள்வதும் தட்டிவிடுவதும், 'வேண்டுமென்றே செய்கிறாள்' என்று பேர் வாங்குவதும் அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

டாக்டர் எழுதிக் கொடுத்த பரிசோதனைக்கு இன்று கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் எழும் மின்சாரத்தை அளக்கும் கருவி அங்கே மட்டும்தான் இருந்தது. அதை இயக்குகிறவள் அவளுடைய நாத்தனார். அதுதான் சிக்கல்.

"நான் வெளியிலேயே உட்கார்ந்துக்கறேன். நம்ம வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்னவ அவ… எல்லாம் உன்னால!"

உன்னால! எத்தனை வருஷமாகக் கேட்கும் சொல்! தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போன நாத்தனார், ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் மனசு கேட்காமல் திரும்பி வந்து வாசலில் நின்றாளாம். அண்ணி வெளியே வந்து அவள் நின்ற பக்கமே பார்த்துவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாளாம். 'சத்தியமா நான் பார்க்கலைங்க' என்று இவள் அழுததை ஒருவரும் நம்பவில்லை.

பரிசோதனை அறையில் நாத்தனார் 'வாங்க' என்றுகூடச் சொல்லவில்லை. சொட்டு மருந்து விட்டாள்.

"அரை மணி நேரம் கண்ணு இருட்டுக்குப் பழகணும். அசையாம உட்காருங்க." விளக்கை அணைத்தாள்.

இருட்டில் பழைய நாட்கள் ஒவ்வொன்றாக வந்தன. இவள் கல்யாணமாகி வந்த புதிதில் நாத்தனார் பள்ளிக்கூடத்துப் பெண். அண்ணியின் தட்டில்தான் சாப்பாடு, அண்ணியின் பக்கத்தில்தான் படுக்கை. அண்ணனைக் கூடத்துக்குத் துரத்திவிட்டு உருண்டு படுத்த வாலு! பின்னால் மாமியார் படுக்கையில் விழுந்தபோது, பெண்ணின் படிப்பை நிறுத்தச் சொன்னார்கள். இவள் தன் வேலையை விட்டுவிட்டு மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாத்தனார் படிக்கப் போனாள். களைத்து வந்து மடியில் தலை வைத்து, அன்றைக்குப் படித்ததையெல்லாம் ஒப்பிப்பாள். இவளுக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் அதைவிட நல்ல நாட்கள் இவள் வாழ்க்கையில் வரவில்லை.

"சிவப்பு விளக்கு போட்டாச்சு. இப்படி வாங்க."

"எங்கே போட்டே?"

"நடிக்காதீங்க அண்ணி!"

அண்ணி… கோபத்தில்தான் வந்தது. இருந்தும் இவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கையால் துழாவி எழுந்தாள்.

கீழிமையில் மெல்லிய கம்பியை வைத்து, நெற்றியில் வயரை ஒட்டினாள் நாத்தனார். வெளிச்சம் மினுக்கியதும் திரையில் கோடு அலையாக எழ வேண்டும்.

"போட்டியா?" என்றாள் இவள்.

 வயரைப் பிரித்து மறுபடி ஒட்டும் சத்தம் கேட்டது. "மிஷின்ல ஏதோ கோளாறு…" என்று முணுமுணுத்தாள். வெளிச்சத்தைக் கூட்டி மறுபடியும் பார்த்தாள். பிறகு, இருட்டில் ஒரு விசும்பல்.

"என்னடி ஆச்சு?"

"அலையே எழும்பலை அண்ணி… நேரா இருக்கிறது பகல்ல தெரியும், அதான் ஊசியில நூல் கோக்கறீங்க. ஓரத்துல இருக்கிறது தெரியாது. வெளிச்சம் மங்கினா எதுவுமே தெரியாது. இது நேத்து வந்த வியாதி இல்லை, கொஞ்சம் கொஞ்சமா பார்வையைத் தின்கிற வியாதி… அப்போ, அன்னிக்கு நான் நின்னது…"

"தெரிஞ்சிருந்தா கதவைச் சாத்துவேனாடி பாவி! ஓடி வந்து கட்டிக்க மாட்டேனா? ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"நீங்க கூப்பிடுவீங்கன்னுதானே அண்ணி நின்னேன்!"

வயரும் கம்பியுமாக இருந்த முகத்தைக் கட்டிக்கொண்டு நாத்தனார் கதறினாள். இவளும் அழுதாள். பார்வை மெல்ல மெல்லப் போய்விடும் என்பதும் இவளுக்குப் புரிந்தது. ஆனால் தான் பொய் சொல்லவில்லை என்பதை அவள் தெரிந்துகொண்டாளே!

கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்த தங்கையைக் கண்டு கணவர் திகைத்து எழுந்தார்.

"அண்ணா, அண்ணிக்கு ஓரத்துலயும் இருட்டுலயும் நிஜமாவே கண்ணு தெரியலை. இத்தனை வருஷமா நாம ரெண்டு பேரும் சேர்ந்து இவங்களைக் கொன்னுட்டோம்."

அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்கு வரட்டுமா அண்ணி?"

"இது என்னடி கேள்வி! ஆனா வந்தா பேசாம நிக்காதே. வாசல்லயிருந்தே சத்தமாக் கூப்பிடு… எனக்குக் காது நல்லாக் கேக்கும்!"