எக்ஸ்பிரஸ் பிசைந்த மாவு

அந்த வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவள் 'எக்ஸ்பிரஸ்'தான். மாமா வைத்த பட்டம் அது. பல் தேய்ப்பது, பாடம் எழுதுவது, படி இறங்குவது எல்லாவற்றிலும் அவளுக்கு அவசரம். சாப்பாட்டை மெல்கிறாளா, அப்படியே விழுங்குகிறாளா என்று அம்மாவுக்கே சந்தேகம்.

மாமா அதற்கு நேர் எதிர். அம்மாவின் தம்பியான அவர் இவர்களோடுதான் இருந்தார். தெருமுனை பேக்கரியில் ரொட்டிக்கு மாவு பிசைவது அவர் வேலை. பிசையும்போது விசில் அடிப்பார். காலையில் அந்த விசில் கேட்டுத்தான் தெருவில் பாதிப் பேர் கண் விழிப்பார்கள். மீதிப் பேர் திட்டிக்கொண்டே விழிப்பார்கள்.

ஒருநாள் மாமா சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

"மாவு பிசையற கைக்கே மாவுக்கட்டு போட்டுட்டாங்களே!" என்று அவரே சொல்லிச் சிரித்தார். கட்டைப் பிரித்த பிறகுதான் அந்தச் சிரிப்பு போயிற்று. விரல்கள் விறைத்துப் போய், மடங்க மாட்டேன் என்றன.

பிசியோதெரபி டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு மருந்து கடையில கிடைக்காது. உங்க வேலைய நீங்களே செய்யணும். சட்டை பட்டன் போடுங்க, துணி பிழியுங்க, தினமும் கொஞ்சம் மாவு பிசைங்க. வலிக்கும், ஆனா விடாதீங்க. அடுத்த மாசம் நல்லா மடங்கினா வேலைக்குப் போயிடலாம்."

"அதுவரைக்கும் உன் இடம் உனக்குத்தான்" என்று பேக்கரி முதலாளியும் சொல்லிவிட்டார்.

அம்மா தினமும் ஒரு கிண்ணத்தில் மாவும் தண்ணீரும் எடுத்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள். பள்ளிக்கு நேரமாகும்வரை வீட்டில் மாமாவும் எக்ஸ்பிரஸும் மட்டும்தான் இருப்பார்கள்.

முதல் நாள் மாமா பட்டன் போட ஆரம்பித்தார். பட்டன் வழுக்கியது. மறுபடி பிடித்தார். மறுபடி வழுக்கியது. பக்கத்தில் நின்ற எக்ஸ்பிரஸுக்கு உடம்பெல்லாம் அரித்தது.

"தள்ளு மாமா, நான் போடறேன்!"

கண் மூடித் திறப்பதற்குள் எல்லா பட்டனும் போட்டாயிற்று. அடுத்து மாவு. இரண்டு தடவை அழுத்தியதும் மாமா வலியில் உதட்டைக் கடித்தார். அவளுக்குப் பாவமாக இருந்தது. கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா என்னையில்ல பிசையச் சொன்னாங்க?"

"நான் எதுக்கு இருக்கேன்? நீ சும்மா உக்காரு மாமா."

மாமா சும்மா உட்கார்ந்தார். அதுவே வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் அம்மா வந்து மாவை விரலால் அழுத்திப் பார்ப்பாள்.

"பரவாயில்லையே! பஞ்சு மாதிரி பிசைஞ்சிருக்கடா!"

மாமாவும் எக்ஸ்பிரஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். மாமா மட்டும் சிரிக்க மாட்டார்.

இப்போதெல்லாம் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் கிடக்கும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விசில் அடிப்பதே இல்லை. வலிதான் காரணம் என்று நினைத்த எக்ஸ்பிரஸ் அவருக்குத் தலையும் வாரிவிட்டாள், ரொட்டிக்கு வெண்ணெயும் தடவிக் கொடுத்தாள்.

மாதம் முடிந்தது. மூவரும் டாக்டரம்மாவிடம் போனார்கள்.

"மாவெல்லாம் அருமையா பிசையறான் டாக்டர்" என்றாள் அம்மா பெருமையாக.

டாக்டரம்மா ஒரு ஸ்பாஞ்சுப் பந்தை மாமாவிடம் கொடுத்தார். மாமா அழுத்தினார். பந்து அமுங்கவே இல்லை. கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

"போன மாசம் இருந்த மாதிரியே இருக்கே! பயிற்சி செய்யலையா?"

எக்ஸ்பிரஸ் மாமாவைப் பார்த்தாள். மாமா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்குத்தான் டாக்டர் சோம்பேறித்தனம்" என்றார்.

'நான்தான் செஞ்சேன்' என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்கிறவளுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை.

திரும்பும் வழியில் பேக்கரி ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். மாமாவின் மேசையில் வேறு ஒருவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

முதலாளி வெளியே வந்து தலையைச் சொறிந்தார். "சொன்ன மாசமும் முடிஞ்சிடுச்சு, இனிமே சமாளிக்க முடியாதுப்பா. நேத்துதான் ஆள் போட்டேன். கோவிச்சுக்காத."

"அதனால என்ன" என்றார் மாமா.

வீட்டுக்கு வந்ததும் எக்ஸ்பிரஸ் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"மாமாவுக்கு வலிக்குமேன்னுதான்... அப்புறம் எனக்கும் காத்திருக்கப் பிடிக்கலம்மா. வேலை போனது என்னாலதானே?"

அம்மா திட்டவில்லை. "நானும்தான் தினமும் மாவைப் பார்த்தேன். அவன் கையைப் பார்க்கலையே" என்றாள்.

மறுநாள் காலை எக்ஸ்பிரஸ் கிண்ணத்தை மாமா முன்னால் வைத்தாள். தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"என்னடி, கையை ஒளிச்சு வெச்சிருக்க?"

"வெளிய விட்டா அது உன் வேலைய செஞ்சிடும் மாமா."

வெகுநாளைக்குப் பிறகு மாமா சிரித்தார். பிறகு மாவில் கையை வைத்தார். வலித்தது; நிறுத்தினார்; மறுபடி அழுத்தினார். பார்த்துக்கொண்டிருந்த அவளுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் கையை வெளியே எடுக்கவில்லை. அவர் பட்டனும் போட்டு முடிக்கவும் பள்ளிக்கூட மணி அடிக்கவும் சரியாக இருந்தது. எக்ஸ்பிரஸ் முதல்முறையாகப் பள்ளிக்குத் தாமதமாகப் போனாள்.

தினமும் இப்படியே போயிற்று. சட்டை கோணலாகப் பூட்டியிருக்கும். மாவில் கட்டி இருக்கும். அவள் எதையும் சரிசெய்யவில்லை. ஒருநாள் அவள் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து மெல்லிதாக ஒரு விசில் கேட்டது. பாதியில் நின்று, மறுபடி தொடங்கியது. அவள் ஒரு ஷூவோடு அப்படியே நின்று கேட்டாள்.

பழைய மேசை மாமாவுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் சாயங்காலத்தில் பன் உருட்ட ஆள் வேண்டும் என்று முதலாளி சொல்லியனுப்பினார். மாமா தானே பட்டன் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு பன் இருந்தது. ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் அமுங்கி, கோணல்மாணலாக இருந்தது.

"நான் உருட்டின முதல் பன். இதை விக்க முடியாதுன்னு முதலாளி எனக்கே குடுத்துட்டார்" என்றார் மாமா.

எக்ஸ்பிரஸ் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து, நன்றாக மென்று, மெதுவாகச் சாப்பிட்டாள்.