கன்னையன் படுத்துப் பார்த்த மெத்தை

சிலமலையிலிருந்து வந்த முதல் பஸ்சில் இறங்கி, சடங்கு வீட்டுப் பலகாரப் பையோடு வீட்டுக்குள் நுழைந்த சந்திரவல்லி, புருஷனை எழுப்பக் குனிந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. முகத்தோடு முகம் வைத்துக் கதறியவளின் மூக்கில், அந்த நிலையிலும் ஒரு வாடை ஏறியது. ஏலச்செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்தின் வாடை.

தெரு கூடிவிட்டது. பெண்கள் அவளைப் பிடித்து வெளியே இழுத்து உட்கார வைத்தார்கள். கொழுந்தன் ஈஸ்வரன், "மாரடைப்புதான், வெரசா எடுத்துருவோம்" என்று ஆட்களை அங்கும் இங்கும் அனுப்பிக்கொண்டிருந்தான். சந்திரவல்லி யாரையும் கேட்கவில்லை. செல்போனை எடுத்து போலீசைக் கூப்பிட்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் சுசித்ராவுக்குப் போடி புதிது. வந்த பிறகு அவள் கைக்கு வந்த முதல் சந்தேக மரணம் இது. ஏட்டு அழகுமலையோடு உள்ளே போனாள்.

படுக்கையறை சின்னது. இரட்டைக் கட்டில் ஒன்று, ஸ்டூல் ஒன்று. ஸ்டூலின் மேல் பிளாஸ்க், டம்ளர், வலித் தைலம். வேறு எதுவும் இல்லை. கன்னையன் மல்லாந்து கிடந்தார். ஐம்பது தாண்டிய, மலையேறி உரமேறிய உடம்பு. போர்வை மார்புவரை ஒழுங்காக இழுத்துவிடப்பட்டிருந்தது. சுசித்ரா மெத்தையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்தாள். கை பொதுக்கென்று புதைந்தது. தடுமாறியவள் மறுகையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

உதட்டோரம் சுத்தம். விரிப்பு அதைவிடச் சுத்தம். கூடத்துப் பீரோவில் மடித்து வைத்திருந்த கோடுகள் அதில் இன்னும் நிமிர்ந்து நின்றன.

வாசலில் ஈஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். நாற்பது வயது இருக்கும். மூட்டை தூக்கிப் பழகிய தோள்.

"நீங்க கடைசியா அண்ணனை எப்பப் பாத்தீங்க?"

"நேத்து பொழுது சாய வந்தேன் மேடம். மதினி ஊருக்குப் போயிருந்துச்சு, தனியா கெடப்பாரேன்னு வந்தேன். பேசிக்கிட்டிருந்துட்டு, இருட்டுனதும் போயிட்டேன்."

"அப்ப எப்படி இருந்தார்?"

"நல்லாத்தான் இருந்தாரு. தோட்டத்தப் பத்திப் பேசுனாரு."

"நீங்க எங்க உட்கார்ந்திருந்தீங்க? உள்ள நாற்காலி இல்லையே?"

"மெத்தைலதான் மேடம், அவரு கால்மாட்டுல. உக்காந்தா ஆள முழுங்குற மெத்தை. எந்திரிக்கிறதுக்குள்ள எனக்கே மூச்சு வாங்கிருச்சு. அதப் பாத்து அண்ணன் சிரிச்சாரு." சொல்லிவிட்டுக் குலுங்கி அழுதான்.

"காலையில வந்து தொட்டுப் பார்த்தீங்களா?"

"வாசப்படியோட சரி. அந்தக் கோலத்துல பாக்க மனசு வரல."

"ராத்திரி கதவு?"

"பூட்ட மாட்டாரு. எந்திரிச்சுத் தெறக்கச் சங்கடம்னு சும்மா சாத்தித்தான் கெடக்கும்."

யார் வேண்டுமானாலும் வந்து போயிருக்கலாம். சுசித்ரா பிளாஸ்க்கையும் டம்ளரையும் எடுத்துப் பையில் போடச் சொன்னாள். உடல் தேனி ஆஸ்பத்திரிக்குப் போனது. அறையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

நண்பகலில் டாக்டர் போனில் கூப்பிட்டார். "பூச்சிமருந்துதான். பிளாஸ்க் கசாயத்துலயும் அதே வாடை. ரிப்போர்ட் வர நாளாகும், ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல. ஒண்ணுதான் புரியல. இதக் குடிச்சவங்க வாந்தி எடுக்காம, நுரை தள்ளாம இருக்கவே மாட்டாங்க. நீங்க அனுப்புன போட்டோவுல படுக்கை கல்யாண வீட்டுப் படுக்கை மாதிரி இருக்கு."

கசாயம் என்றதும் சுசித்ரா காலையில் எழுதிய குறிப்பைப் புரட்டினாள். அதைக் காய்ச்சி பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போனது சந்திரவல்லிதான். அவளே காலையில் சொல்லியிருந்தாள்.

சேதி அதற்குள் தெருவுக்குப் போய்விட்டது. அனுதாபமாகப் பேசிய வாய்களே திரும்பின. ஈஸ்வரன் ஸ்டேஷன் வாசலுக்கே வந்து நின்று கத்தினான். "மூணு மாசமா பீ மூத்திரம் அள்ளுனது சலிச்சுப்போச்சு அந்தப் பொம்பளைக்கு! கசாயத்துல கலந்து வச்சிட்டு சடங்கு வீட்டுல போயி உக்காந்துக்கிச்சு!"

இன்ஸ்பெக்டர் சுசித்ராவை அழைத்தார். "அந்தம்மாவைச் சாயங்காலம் ரிமாண்டுக்குத் தயார் பண்ணும்மா. வேற யாரையாவது காட்ட முடியும்னா அதுக்குள்ள காட்டு."

சந்திரவல்லி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அதுதான் சுசித்ராவை உறுத்தியது. அழாத பெண்ணைப் பார்த்தால் ஊருக்குப் பயம் வருகிறது. தனக்கும் கொஞ்சம் வருகிறதோ என்று நினைத்து வெட்கப்பட்டாள்.

"கசாயத்தை நீங்கதானே காய்ச்சினீங்க?"

"நாந்தான்."

"நீங்க போன பிறகு யார் வருவாங்கன்னு தெரியுமா?"

"அவரு தம்பி வருவேன்னு சொல்லியிருந்தாப்ல."

"உங்க மேல எல்லாரும் சொல்றாங்க. நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"என்னத்தச் சொல்ல, மேடம்? மழையில தோட்டத்துச் சரிவுல வழுக்கி விழுந்து மூணு மாசமாக் கெடந்த மனுசன். முதுகுத் தண்டு போச்சுன்னு நெனச்சோம். அந்த மெத்தை வந்த பெறகுதான் ராத்திரி கண்ண மூடுனாரு. சொவரப் புடிச்சு நடக்க ஆரம்பிச்சாரு. விழுந்ததுலருந்து தோட்டம் அவரு தம்பி பொறுப்புல இருக்கு. வர்ற திங்கக்கெழம அதப் பாக்கப் போகணும்னு ஜீப்பு சொல்லி வச்சிருந்தாரு. சலிச்சுப்போற நேரமா மேடம் இது?"

"மெத்தையா?"

"பஸ்டாண்டு பக்கத்துக் கடையில ரெண்டு பேரும் போயி எடுத்தோம். கடையிலயே படுத்துத் தூங்கிட்டாரு."

சுசித்ரா எழுந்தாள். இவள் சொல்வது நெஞ்சிலிருந்து வருகிறதா, நாக்கிலிருந்து வருகிறதா என்று தெரிய வேண்டும். மெத்தைக் கடையில் கேட்டால் தெரிந்துவிடும். ஏட்டையாவை ஜீப்பில் மலைக்கு அனுப்பினாள். கன்னையன் திங்கட்கிழமை பார்க்கவிருந்த தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்து வரச் சொன்னாள். அவள் மெத்தைக் கடைக்கு நடந்தாள்.

கடையில் விற்பனைக்கு நின்ற முத்துப்பிரியாவுக்கு அவர்களை நன்றாக நினைவிருந்தது.

"அந்தம்மாவும் ஆட்டோக்காரரும் தாங்கிப் புடிச்சுக் கூட்டியாந்தாங்க மேடம். சும்மா உக்காந்து அமுக்கிப் பாத்தா ஒண்ணும் தெரியாது, வீட்டுல படுக்குற மாதிரியே கொஞ்ச நேரம் படுங்கன்னு சொல்லுவோம். அந்த ஐயா ஒவ்வொண்ணுலயும் படுத்தாரு. ஒருச்சாஞ்சு படுத்தாரு, மல்லாந்து படுத்தாரு. அந்தம்மா அவரு இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவுல கையவிட்டு இடைவெளி இருக்கான்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு மெத்தையில படுத்தவரு அப்படியே தூங்கிட்டாரு. எழுப்பப் போனேன். அந்தம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, 'ஆத்தா, மூணு மாசத்துல இதான் மொதத் தூக்கம், விட்டுரு'ன்னு கெஞ்சுச்சு. மத்தியானம் வரைக்கும் தரையில உக்காந்து காவலு இருந்துச்சு. வந்தவங்கள எல்லாம் சத்தம் போடாதீங்கன்னு சைகை காட்டுச்சு."

சுசித்ரா வரிசையாகக் கிடந்த மெத்தைகளைப் பார்த்தாள். பிறகு, "அந்த மெத்தை எது? நானும் படுத்துப் பாக்குறேன்" என்றாள்.

பூட்சைக் கழற்றிவிட்டு யூனிபாரத்தோடு படுத்தாள். முதுகு ஒரு விரல்கூட இறங்கவில்லை. தரையில் ஜமுக்காளம் விரித்துப் படுத்த மாதிரி இருந்தது.

"இது இல்லம்மா. அவங்க வீட்டு மெத்தையில காலையில கை ஊன்றினேன். மணிக்கட்டுவரை உள்ள போச்சு."

"இதேதான் மேடம். ஆனா இது ரெண்டு பக்க மெத்தை. கொஞ்சம் எந்திரிங்க."

முத்துப்பிரியா ஒற்றை ஆளாக மெத்தையை விளிம்பில் நிமிர்த்தி, சுவரில் சாய்த்து, மறுபுறமாகச் சரித்துக் கட்டிலில் விழ வைத்தாள். சாம்பல் நிறத் துணி கீழே போய் வெள்ளைத் துணி மேலே வந்தது. "ஒரு பக்கம் கட்டி, ஒரு பக்கம் மெது. இப்பப் படுங்க."

சுசித்ரா உட்கார்ந்தாள். மெத்தை அவளை உள்வாங்கிக்கொண்டது.

"இந்தப் பக்கமும் அவர் படுத்துப் பார்த்தாரா?"

"பாத்தாரு. வலி தாங்காமக் கத்திட்டாரு. கடைப்பயலுக நாலு பேரு சேந்து தூக்கி விட்டாங்க. வீட்டுல கொண்டு போயிப் போட்டப்ப, மெதுப் பக்கம் தரையப் பாத்து இருக்கணும்னு அந்தம்மா பத்துத் தடவ சொல்லுச்சு. அன்னைக்கு நானும் கூடப் போயிருந்தேன்."

சுசித்ரா பூட்சின் கயிற்றைக் கட்டாமலே ஆட்டோ பிடித்தாள்.

மாலை வெயில் மலைமேல் ஏறிக்கொண்டிருந்த நேரம், கன்னையனின் படுக்கையறைக்கு எல்லோரையும் வரச் சொன்னாள். சந்திரவல்லி ஒரு சுவரோரம். ஈஸ்வரன் எதிர்ச்சுவரோரம். வாசலில் இன்ஸ்பெக்டர். மலையிலிருந்து திரும்பிய அழகுமலை சுசித்ராவின் காதில் ஏதோ சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். கட்டிலில் விரிப்பு எடுக்கப்பட்ட மெத்தை, வெள்ளைப் பக்கம் மேலே பார்க்கக் கிடந்தது.

"அக்கா, இதைத் தொட்டுப் பாருங்க" என்றாள் சுசித்ரா.

சந்திரவல்லி உள்ளங்கையை வைத்தாள். முகம் மாறியது. "இது மெதுப் பக்கம். யாரு திருப்பிப் போட்டா? இதுல அவரு படுக்க மாட்டாரே!"

"அவரா திருப்பிப் போட முடியாது. வேற ஒருத்தர் போட்டிருக்காங்க. ஏன்னு பாருங்க."

கடையில் பார்த்த மாதிரியே மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாள். சாம்பல் நிறப் பக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. தலைமாட்டில் தட்டு அகலத்துக்குக் கறை. துடைத்துத் துடைத்து விட்ட ஈரம் இன்னும் முழுசாகக் காயவில்லை. கசாயத்தின் பழுப்பும், மருந்தின் அந்த வாடையும்.

சந்திரவல்லி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"மருந்து குடிச்சவர் இதுல வாந்தி எடுத்திருக்கார்" என்றாள் சுசித்ரா. "கறை தெரிஞ்சா மாரடைப்புன்னு சொல்ல முடியாது. அதனால உடம்பைத் தரையில இறக்கி, துடைச்சு, அழுக்கான விரிப்பை அப்புறப்படுத்தி, மெத்தையைத் திருப்பி, பீரோவுலருந்து புது விரிப்பு எடுத்துப் போட்டு, மறுபடி படுக்க வச்சிருக்காங்க. ஒரு ஆள் செய்யக்கூடிய வேலைதான்."

"மதினிதான் பண்ணியிருக்கும். காலையில மொதல்ல உள்ள வந்தது அதுதானே?" என்றான் ஈஸ்வரன்.

"பார்ப்போம். வாந்தி கட்டிப் பக்கத்துல இருக்கு. அப்படின்னா அவர் உயிரோட இருந்தவரைக்கும் கட்டிப் பக்கம்தான் மேலே இருந்திருக்கு. சரிதானே?"

"ஆமா."

"அவர் உயிரோட இருந்தப்ப இந்த மெத்தையில யார் உட்கார்ந்திருந்தாலும் பலகையில உட்கார்ந்த மாதிரிதான் இருந்திருக்கும். அதுவும் சரிதானே?"

ஈஸ்வரன் சுவரில் சாய்ந்திருந்த மெத்தையைப் பார்த்தான்.

"நேத்து சாயங்காலம் உங்க அண்ணன் சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தப்ப, ஆளை முழுங்குற மெத்தையில எப்படி உட்கார்ந்தீங்க, ஈஸ்வரன்?"

ஈஸ்வரன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தான்.

"அது... வேற ஒரு நாளு உக்காந்ததச் சொல்லியிருப்பேன் மேடம்."

"எந்த நாள் உட்கார்ந்திருந்தாலும் கட்டிதான். வந்த நாள்லருந்து மெதுப் பக்கம் மேலே வந்ததே இல்ல. காலையில நீங்க வாசப்படி தாண்டலைன்னு நீங்களே சொன்னீங்க. அக்கா காலையில வந்து திருப்பியிருந்தாலும் உங்களுக்கு அது தெரிஞ்சிருக்க வழியில்ல. இந்த மெத்தை புதையும்னு ஒரே ஒரு நேரத்துலதான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்க முடியும். எல்லாத்தையும் முடிச்சிட்டு, மூச்சு வாங்க அண்ணன் காலடியில உட்கார்ந்தப்ப."

ஈஸ்வரன் வாசலில் நின்ற இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏட்டையா, சொல்லுங்க" என்றாள் சுசித்ரா.

அழகுமலை முன்னால் வந்தார். "தோட்டத்துல நெழல் மரம் ஒண்ணு விடாம வெட்டி லோடு ஏத்தி வித்தாச்சு மேடம். கன்னையன் விழுந்த பெறகு நடந்த வெட்டு. ஏலச்செடி பூராவும் வெயில்ல கருகிக் கெடக்கு. இனி அங்க ஒண்ணும் வெளையாது."

"படுத்த படுக்கையா இருந்தவரைக்கும் அவருக்குத் தெரியாது" என்றாள் சுசித்ரா. "திங்கட்கிழமை ஜீப்புல ஏறியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

ஈஸ்வரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அவரு கையால நட்ட மரம் மதினி" என்றான் யாரையும் பார்க்காமல். "எந்திரிக்கவே மாட்டாருன்னு டாக்டரு சொன்னாரு. எந்திரிச்சுட்டாரே."

சந்திரவல்லி அவனைத் திட்டவில்லை, அடிக்கப் பாயவில்லை. அவன் விலங்கோடு வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சுசித்ராவின் சட்டைக் கையைப் பிடித்தாள். காலையில் கதறியதற்குப் பிறகு வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

"மேடம், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த மெதுப் பக்கத்துல தூக்கிப் போட்டப்ப அவருக்கு உசுரு இருந்துச்சா? வலிச்சிருக்குமா?"

"இல்லக்கா. அதுக்கு முன்னாடியே போயிட்டாரு" என்றாள் சுசித்ரா. யோசிக்காமல் சொன்னாள்.

ஜீப்பில் ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு அது நிச்சயமாகத் தெரியவில்லை. தெரிந்தவன் பின்சீட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அன்று விடிய விடிய அவனிடம் எவ்வளவோ கேட்டாள். அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை.